சுவரில் இல்லாத கஃப்ஸா

தவ்ஹிதாவுக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தெரியாது. ரெதயேஃப் ஊரில், பாஸ்பேட் சுரங்கத்துக்குப் பக்கத்தில், அந்த மண்ணின் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள். அந்தத் தண்ணீர் பல்லில் மஞ்சளை ஏற்றிவிடும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தலைநகரில் வாயைத் திறந்தால் போதும், எந்தப் பக்கத்து ஆள் என்று எதிரே நிற்பவருக்குத் தெரிந்துவிடும். அதனால் அங்கிருந்து வந்த பெண்கள் பலருக்குச் சிரிப்பு வரும்போதே கையும் வாயருகே வந்துவிடும். தவ்ஹிதாவுக்கு வந்ததில்லை. "எங்க மண்ணைத் தோண்டி வித்தாங்க. காசு கடற்கரை ஊர்களுக்குப் போச்சு, கறை எங்க பல்லுல தங்கிச்சு. வெக்கப்பட வேண்டியது நானா?" என்பாள்.

இருபத்திரண்டு வயதில் கணிதப் பட்டத்தோடு தலைநகர் துனிஸுக்கு வந்து, மருத்துவ அட்டை வாரியத்தின் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கினாள். தேர்வுக் குழுவில் இருந்த ஒரு பெரிய மனிதர் அவளுடைய பல்லைப் பார்த்துக்கொண்டே பேசினார். "முன்மேசையில பொதுமக்கள் வருவாங்க பாருங்க. நீங்க கீழ்த்தளத்துக்குப் போங்க. அங்க மெஷின் மட்டும்தான். யாரும் பார்க்க மாட்டாங்க."

ஒரு மனுஷியை மறைத்துவைக்கத்தான் அந்த ஆள் கீழே அனுப்பினான். கீழே இருந்ததோ வாரியத்தின் மூளை. முப்பத்தோரு ஆண்டுகளாக அந்த மூளைக்குக் காவல் தவ்ஹிதாதான். இப்போது அவள் காலை ஷிஃப்டின் தலைவி. அந்தப் பெரிய மனிதரின் பெயர் வாரியத்தில் யாருக்கும் நினைவில்லை.

கீழ்த்தளத்தில் ஆளுயர அலமாரிகள் போல இரண்டு கறுப்புப் பெருங்கணினிகள் நிற்கின்றன. அவற்றுக்குள் ஆறு தனித்தனி அமைப்புகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் நாட்டின் ஒரு பகுதிக்கானது. பகுதியின் தலைமை ஊர்தான் அதற்குப் பெயர்: துனிஸ், பிஸெர்த், நாபுல், சூஸ், ஸ்ஃபாக்ஸ், கஃப்ஸா. எங்கோ ஒரு மருத்துவமனையில் நோயாளியின் அட்டையைச் செருகினால், அந்தப் பகுதிக்கான அமைப்பு இரண்டு நொடியில் பதில் அனுப்பும்: ஆமாம், இவர் நம்மவர், சிகிச்சையைத் தொடங்குங்கள். பதில் வராவிட்டால் தனியார் மருத்துவமனைக்காரன் ஊசியைக் கையில் எடுக்கமாட்டான்.

ஆறையும் பார்த்துக்கொள்ள, நாட்டில் ஆட்சியைக் கவிழ்த்த புரட்சிக்குப் பிறகு வந்த நிர்வாகம் ஒரு பெரிய சுவர்த்திரையை மாட்டிக் கொடுத்தது. அதில் ஆறு கட்டங்கள். எல்லாம் ஒழுங்காக ஓடினால் பச்சை. நின்றுபோனால் சிவப்பு. இடையில் மஞ்சள்: ஓடுகிறது, ஆனால் பின்னால் தாங்கிப் பிடிக்க மாற்று இல்லை. ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு முதன்மை வட்டுப்பெட்டியும், அது பழுதானால் உடனே வேலையை ஏற்றுக்கொள்ள ஒரு துணைப்பெட்டியும் உண்டு. கஃப்ஸாவின் துணைப்பெட்டி நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் எரிந்துபோனது. புதிது கேட்டுத் தவ்ஹிதா பதினேழு கடிதம் எழுதியிருந்தாள். ஒருமுறை புதிதாக ஒன்று வந்துகூட இறங்கியது. சூஸின் பெட்டி பழசாகிவிட்டது என்று அதைச் சூஸுக்குக் கொடுத்தார்கள். சூஸில் கடற்கரை, விடுதிகள், சுற்றுலாக்காரர்கள், வாரியத்துப் பெரியவர்கள் பாதிப்பேரின் சொந்த வீடுகள். தவ்ஹிதாவின் ரெதயேஃபும் அடங்கிய கஃப்ஸாவில் இருந்தவை சுரங்கமும் சுரங்கக்காரர்களின் நுரையீரலும். நான்கு ஆண்டுகளாகச் சுவரில் ஐந்து பச்சை, ஒரு மஞ்சள்.

அவளுடைய ஷிஃப்டில் ஒரு வழக்கம் உண்டு. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்ததும் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவதுபோல ஒருவர் ஒவ்வோர் அமைப்பாகப் பெயர் சொல்ல, மற்றவர் அதன் நிறத்தை உரக்கச் சொல்லவேண்டும். கண் பழகிப்போனால் மஞ்சளும் பச்சையாகத்தான் தெரியும், வாயால் சொன்னால்தான் மூளை விழிக்கும் என்பது தவ்ஹிதாவின் கணக்கு. மற்றவர்களுக்கு அதில் ஒரு சங்கடம் இருந்தது. கஃப்ஸாவின் பெயரை உரக்கச் சொன்னால் அன்றைக்கு ஏதாவது வம்பு வரும் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. அவளோடு ஷிஃப்ட் பார்க்கும் வஜ்தி, கண்திருஷ்டி படாமல் இருக்க, கஃப்ஸா ஓடும் அலமாரியின் கைப்பிடியில் ஒரு வெள்ளி மீனைக்கூடத் தொங்கவிட்டிருந்தான். பொறியியல் படித்தவன். மரியாதைக்குப் பெண்களை 'லல்லா' என்றும் ஆண்களை 'சி' என்றும் கூப்பிடுகிற ஊர் வழக்கப்படி அவளை லல்லா என்பான். தவ்ஹிதா மீனைக் கழற்றவில்லை. "மீன் தொங்கட்டும், அதுக்கும் வேலை வேணுமில்ல. நீ பெயரைச் சொல்லு" என்பாள்.

மே மாதத்தில், தம்பி மகளின் கல்யாணத்துக்காக ஆறு நாள் விடுப்பில் ஊருக்குப் போய்விட்டு, ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்தாள். கையில் மருதாணி இன்னும் சிவப்பாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்தபடியே உட்கார்ந்தாள். வஜ்தி சுவரைப் பார்த்துப் பெயர் சொல்லத் தொடங்கினான்.

"துனிஸ்."

"பச்சை."

"பிஸெர்த். நாபுல்."

"ஒண்ணொண்ணா சொல்லுடா. ரெண்டும் பச்சை."

"சூஸ்."

"பச்சை."

"ஸ்ஃபாக்ஸ்."

"பச்சை."

வஜ்தி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "முடிஞ்சுது லல்லா. ஒரு கிண்ணம் லப்லபி, அந்தக் கொண்டைக்கடலை சூப்பு, சாப்பிட்டுட்டு வந்துடறேன். உங்களுக்கு ஹரிஸ்ஸாக் காரம் தூக்கலா?"

"உட்காரு. ஆறாவது எங்க?"

வஜ்தி மறுபடியும் உட்கார்ந்தான். தவ்ஹிதா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள். ஐந்து கட்டங்கள், ஐந்தும் பச்சை. ஆறாவது இருந்த இடத்தை மற்ற ஐந்தும் சற்று அகலமாகிப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. முன்பு அங்கே ஒன்று இருந்தது என்று சொல்ல ஒரு கோடுகூட இல்லை.

"நான் இல்ல லல்லா," என்றான் வஜ்தி. "சி ஃபௌசிதான் எடுத்தார். வெள்ளிக்கிழமை. உண்மையைச் சொல்லணும்னா... பாக்க நல்லாத்தான் இருக்கு."

"பல்லைப் பிடுங்கிட்டா சொத்தை தெரியாதுதான்."

பிரிவுத் தலைவன் ஃபௌசி அவளுக்குப் பதினோரு ஆண்டு கழித்து வேலைக்குச் சேர்ந்தவன். மேலே யாரைப் பார்த்து எப்போது சிரிக்கவேண்டும் என்று அறிந்தவன், அதனால் மேலேயே இருந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டான். கெடுதல் தானாக நடந்தால் பார்க்காமல் இருக்கமட்டும் நன்றாகத் தெரியும்.

"வாங்க லல்லா தவ்ஹிதா, கல்யாணம் எப்படி நடந்துது? எனக்கு இனிப்பு எங்க?" என்று தன் அறைக்கு வந்தவளை வரவேற்றான்.

"இனிப்பு பையில இருக்கு. கஃப்ஸா எங்க இருக்கு?"

"அதுவா!" அவன் கையை வீசினான். "வியாழக்கிழமை புதுப் பொது இயக்குநர் வரார். போட்டோக்காரங்க வராங்க. அந்த மஞ்சளைப் பார்த்ததும் என்னன்னு கேப்பார். நான் என்ன பதில் சொல்றது? எந்தெந்த அமைப்பு சுவர்ல தெரியணும்னு ஒரு பட்டியல் இருக்கில்ல, அதுல கஃப்ஸா பக்கத்துல இருந்த டிக்கை எடுத்தேன். அவ்வளவுதான். அமைப்பை நான் நிறுத்தலையே. அது பாட்டுக்கு ஓடுது."

"ஓடுதுன்னு எப்படித் தெரியும்?"

"ஓடாம வேற என்ன?"

"சி ஃபௌசி, டிக்கை எடுத்தா கட்டம் மட்டும் போகாது. சுவர்ல இல்லாததுக்கு அபாய மணியும் அடிக்காது. கையேட்டுல நாற்பத்தோராம் பக்கம். படிச்சீங்களா?"

ஃபௌசி கையேட்டைப் படித்தவன் இல்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "மூணு நாள் லல்லா. நாலு வருஷமா ஓடினது மூணு நாள்ல நின்னுடுமா? வீட்டுக்கு விருந்தாளி வந்தா கிழிஞ்ச மெத்தையை உள்ளறைக்குத் தள்ளமாட்டோமா?"

"மெத்தையைத் தள்ளலாம். நீங்க மெத்தையில படுத்திருக்கிற நோயாளியையும் சேர்த்துத் தள்ளியிருக்கீங்க."

"வெள்ளிக்கிழமை திரும்பப் போட்டுடறேன், இன்ஷா அல்லாஹ்."

"துணைப்பெட்டிக்கும் நாலு வருஷமா இதையேதான் சொல்றீங்க. அல்லாஹ்வைக் கொள்முதல் பிரிவுல உட்கார வச்சிட்டீங்க, பாவம்."

ஃபௌசி சிரித்துவிட்டான். சிரித்தாலும், அவள் அறையை விட்டுப் போனதும் சுவர்த்திரையின் கடவுச்சொல்லை மாற்றினான்.

தவ்ஹிதா அதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தாள். கத்தவில்லை. தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். சுவர் எல்லோருக்கும் பொது. ஆனால் அவரவர் மேசைத்திரையில் எதைப் பார்ப்பது என்பது அவரவர் விருப்பம். அவள் தன் பட்டியலைத் திறந்தாள். துனிஸ் பக்கத்திலிருந்த டிக்கை எடுத்தாள். பிஸெர்த்தை எடுத்தாள். நாபுல், சூஸ், ஸ்ஃபாக்ஸ். கடைசியில் ஒரே ஒரு டிக் மிஞ்சியது. கட்டம் விரிந்து விரிந்து திரை முழுவதையும் எடுத்துக்கொண்டது. மூலைக்கு மூலை மஞ்சள், நடுவில் கறுப்பு எழுத்தில் கஃப்ஸா.

வஜ்தி எட்டிப் பார்த்தான். "என்ன லல்லா, கஃப்ஸாவுக்கும் உங்களுக்கும் கல்யாணமா? முகத்தை இவ்வளவு கிட்ட வச்சுப் பாக்கறீங்க."

"கல்யாணம் போன வாரம் முடிஞ்சுது. இது குடித்தனம். இதுல பேச்சு கம்மி, பார்த்துக்கிறது ஜாஸ்தி."

மூன்று நாள் அவள் அந்த மஞ்சளுக்கு எதிரேதான் உட்கார்ந்தாள். ரொட்டியும் ஆலிவும் அங்கேயே. கழிப்பறைக்குப் போனால் வஜ்தியை உட்காரவைத்துவிட்டுப் போனாள். நாட்டின் ஒரு பகுதியை ஒருவன் ஒரு விரல் அழுத்தலில் பார்வையை விட்டு நீக்கிவிடலாம் என்றால், மற்றொருத்தி ஒரு விரல் அழுத்தலில் அதை மட்டுமே பார்க்கலாம். அதிகாரத்தில் இருப்பவர்கள் இந்த இரண்டாவதை யோசிப்பதில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பொது இயக்குநர் இறங்கி வந்தார். கூடவே பத்துப் பதினைந்து பேர், இரண்டு புகைப்படக்காரர்கள். ஃபௌசி புதுக் கழுத்துப்பட்டை கட்டியிருந்தான். சுவரில் ஐந்து பச்சைகள் பளபளத்தன. ஃபௌசி கையை நீட்டி நீட்டி விளக்கினான். இயக்குநர் சூஸ்காரர். நிதானமான மனிதர், கணினி தெரியாது, தெரியாது என்பதை மறைக்கவும் இல்லை. "பச்சைன்னா நல்லதா?" என்று கேட்டார். "ரொம்ப நல்லது, ஐயா," என்றான் ஃபௌசி.

ஒன்பது ஐம்பதுக்குத் தவ்ஹிதாவின் மேசையில் மஞ்சள் சிவப்பானது.

மணி அடிக்கவில்லை. சுவரில் எதுவும் மாறவில்லை. அறையில் இருந்த இருபது பேரில் அது தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். அவள் கைகள் விசைப்பலகைக்குப் போவதற்குள் தொலைபேசி அடித்தது. கஃப்ஸா பகுதியில் இருக்கும் மெத்லாவியிலிருந்து மப்ரூகா. அங்கே டயாலிசிஸ் நிலையத்தில் தாதி. இருவரும் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தொலைபேசியிலேயே சண்டை போட்டுக்கொள்ளும் சிநேகிதிகள், ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

"அடியே தவ்ஹிதா, செத்துட்டீங்களா எல்லாரும்? அட்டையைச் செருகறேன், பதிலே இல்ல."

"எத்தனை பேர் இருக்காங்க?"

"பத்து மணி ஆளுங்க பதினோரு பேர். முதலாளி நாற்காலியில யாரையும் உட்காரவிடமாட்டேங்கறான். பதில் வந்தாத்தான் மெஷினை ஓட்டுவானாம். ஹமாதி மாமா தெரியுமில்ல, சுரங்கத்துல இருந்தவர், திங்கட்கிழமை வண்டி கிடைக்காம வரல. இன்னிக்கும் விட்டா அவ்வளவுதான். மூச்சு இப்பவே இழுக்குது. கால் ரெண்டும் தூண் மாதிரி வீங்கியிருக்கு."

"லைன்லயே இரு. மாமாவை நாற்காலிக்குப் பக்கத்துல கொண்டுவந்து வை."

"முதலாளி..."

"அவனைத் தள்ளிட்டு வை!"

தவ்ஹிதா தொலைபேசியைக் கீழே வைக்காமல் மேசையில் படுக்கவைத்தாள். என்ன செய்யவேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு நொடிக் குழப்பமும் இல்லை. கஃப்ஸாவின் முதன்மைப் பெட்டி போய்விட்டது. அதற்குத் துணை இல்லை. வேறோர் அமைப்பின் துணைப்பெட்டியைப் பிரித்து இதற்கு இணைக்கவேண்டும். ஒவ்வோர் இரவும் பிரதி எடுத்துவைத்த விவரங்கள் தயாராக இருந்தன. புதிதாக இருந்தது சூஸின் பெட்டிதான், கஃப்ஸாவுக்கென்று வந்து பாதை மாறிய அதே பெட்டி. அவசரத்தில் இப்படிச் செய்ய ஷிஃப்ட் தலைவருக்கு அதிகாரம் கொடுக்கும் விதி பதினான்கை எழுதியதே அவள்தான். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து அழுத்தவேண்டும். அவள் ஒரு பக்கம், வஜ்தி ஒரு பக்கம்.

"வஜ்தி, பதினாலு. சூஸோட துணையைக் கஃப்ஸாவுக்கு. அழுத்து."

வஜ்தியின் விரல் அந்தரத்தில் நின்றது. இயக்குநருக்குப் பின்னாலிருந்து ஃபௌசி கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். வஜ்தி குரலைத் தாழ்த்தினான். "லல்லா, பதினாலுல 'சுவர்த்திரையில் சிவப்பு தெரிந்தால்'னுதானே எழுதியிருக்கு? சுவர்ல அஞ்சும் பச்சையா இருக்கே. இப்ப அழுத்தினா நாளைக்கு என் கழுத்துக்குத்தான் கத்தி."

அவன் சொன்னது சரி. தவ்ஹிதாவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அந்த வரியை எழுதும்போது, இருக்கிறதெல்லாம் சுவரில் தெரியும் என்று நம்பி எழுதியிருந்தாள். ஒருவன் சுவரையே பொய் சொல்லவைப்பான் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

"சுவர்ல தெரியணும், அவ்வளவுதானே?"

ஷிஃப்ட் தலைவரின் மேசையில் ஒரு பொத்தான் உண்டு. பயிற்சி வகுப்புகளில், தன் திரையில் இருப்பதை எல்லோருக்கும் காட்ட, அதை அப்படியே சுவருக்கு அனுப்பும். அதற்குக் கடவுச்சொல் கிடையாது. அப்படியொரு பொத்தான் இருப்பதே ஃபௌசிக்கு மறந்திருந்தது. தவ்ஹிதா அழுத்தினாள்.

ஐந்து பச்சைகளும் மறைந்தன. சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரைவரை, ஒரே சிவப்பு. நடுவில் ஆளுயர எழுத்தில் கஃப்ஸா. இயக்குநரின் வெள்ளைச் சட்டை சிவந்தது, ஃபௌசியின் முகம் சிவந்தது, வெள்ளி மீன்கூடச் சிவந்து தெரிந்தது. புகைப்படக்காரர்களில் ஒருவன் பழக்கதோஷத்தில் படம் எடுத்துவிட்டான்.

தவ்ஹிதா எழுந்து நின்று, காலையில் சொல்வது போலவே உரக்கச் சொன்னாள்: "கஃப்ஸா. சிவப்பு."

மேசைமேல் கிடந்த தொலைபேசியிலிருந்து மப்ரூகா கத்துவது எல்லோருக்கும் கேட்டது. "நிறம் எல்லாம் அப்புறம் சொல்லுடி! மாமாவுக்கு உதடு நீலமாகுது!"

வஜ்தி அழுத்தினான்.

பெட்டி மாறி இணைய பதினோரு நிமிடம் ஆகும். ஃபௌசி முதல் இரண்டு நிமிடத்தில் வாயைத் திறந்தான். "ஐயா, இது ஒரு சின்னப் பயிற்சி மாதிரி..."

"பயிற்சி இல்லை," என்றாள் தவ்ஹிதா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மெத்லாவியில பதினோரு பேருக்கு ரத்தம் சுத்தம் பண்ணணும். அட்டைக்குப் பதில் போகலை. முதன்மைப் பெட்டி போச்சு. மாற்றுப்பெட்டி நாலு வருஷமா இல்லை. பதினேழு கடிதம் மூணாம் மாடியில இருக்கு. இப்ப சூஸோட மாற்றை எடுத்துக் கொடுக்கறேன். விதியோட அடியில கையெழுத்து சி ஃபௌசியோடது."

ஃபௌசி அதைப் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருந்தான்.

இயக்குநர் சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் உள்ளே வரும்போது இது ஏன் இங்க இல்லை?" என்று கேட்டார்.   தவ்ஹிதாவுக்கு அப்போது வேறு வேலை இருந்தது. ஆனால் வஜ்தி, மூன்று நாளைக்கு முன்னால் பாக்க நல்லாத்தான் இருக்கு என்று சொன்ன அதே வஜ்தி, சொன்னான்: "டிக்கை எடுத்தோம், ஐயா. உங்களுக்காக."

பத்து மணி ஐந்துக்குச் சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் உடனே பச்சையானது. சுவர் முழுக்கப் பச்சை. நான்கு ஆண்டுகளில் முதல்முறையாகக் கஃப்ஸா பச்சையாக இருந்தது. புதிய பெட்டி முதன்மையாக, பழைய முதன்மையின் பழுதாகாத பாதி அதற்குத் துணையாக நின்றது. நெடுநாள் தாங்காது என்றாலும் அன்றைக்குத் தாங்கியது.

"வந்துடுச்சு!" என்று தொலைபேசி கத்தியது. "பதில் வந்துடுச்சு! மாமாவை ஏத்திட்டேன். முதலாளி மூஞ்சியைப் பாக்கணுமே நீ. சரி வைக்கறேன், நிக்க நேரமில்ல. அடுத்த தடவை இப்படிப் பண்ணினா துனிஸுக்கே வந்து உதைப்பேன்."

"வாடி. பன்னிரண்டு வருஷமா கூப்பிடறேன்."

தவ்ஹிதா பொத்தானை விடுவித்தாள். சுவரில் பழைய ஐந்து கட்டங்கள் திரும்பின. துனிஸ், பிஸெர்த், நாபுல், ஸ்ஃபாக்ஸ் பச்சை. சூஸ் மஞ்சள்.

"சூஸ் ஏன் மஞ்சளா இருக்கு?" என்றார் இயக்குநர் சட்டென்று. குரலில் முன்பில்லாத பதற்றம். "எங்கம்மா அங்க இருக்காங்க. அவங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா?"

தவ்ஹிதா அவர் பக்கம் திரும்பினாள். "ஓடுது, ஐயா. மாற்று இல்லாம ஓடுது. பெட்டி பழுதானா, இன்னிக்கு மெத்லாவியில நடந்தது அங்க நடக்கும். கஃப்ஸாவுல எல்லாரோட அம்மாவும் நாலு வருஷம் இந்த மஞ்சள்லதான் இருந்தாங்க. யாரும் இந்தக் கேள்வியைக் கேக்கல. நீங்க கேட்டீங்க. நல்ல கேள்வி."

 அவர் ஃபௌசியைப் பார்த்து, "ஆறையும் போடுங்க," என்றார். ஃபௌசி அனைவர் முன்னிலையிலும் மண்டியிடாத குறையாகக் குனிந்து கடவுச்சொல்லைத் தட்டினான். இரண்டு முறை தவறாகத் தட்டினான். மூன்றாம் முறை ஆறாவது கட்டம் வந்தது. மற்ற ஐந்தும் ஒதுங்கி இடம் விட்டன.

மாலையில் அவளுக்கு ஓர் ஓலை வந்தது: விருந்தினர் முன்னிலையில் பொதுத்திரையை அனுமதியின்றி மாற்றியதற்கு விளக்கம் தரவும். கையெழுத்து ஃபௌசி. தவ்ஹிதா அதன் அடியிலேயே ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினாள்: "பொதுத்திரையை அனுமதியின்றி முதலில் மாற்றியவர் தரும் விளக்கத்துக்குக் கீழே என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளவும்." அதற்குப் பிறகு அந்தத் தாளை யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும் முன் அவள் தன் மேசைப் பட்டியலைத் திறப்பதை வஜ்தி பார்த்தான். இனி எதற்கு அது, ஆறும் சுவரில்தான் இருக்கிறதே என்று நினைத்தான். அவள் கஃப்ஸாவின் டிக்கை எடுத்தாள். சூஸைத் தேர்ந்தெடுத்தாள். திரை முழுவதும் சூஸின் மஞ்சள் விரிந்தது.

"லல்லா! சூஸா? உங்க பெட்டியை வாங்கிக்கிட்டவங்க!"

"மாற்று இல்லாம ஓடுறது இப்ப எதுடா?"

"சூஸ்."

"அப்ப அதைத்தான் பாக்கணும். பாக்கறதுக்கு ஊரு உண்டா?"

அடுத்த நாள்முதல் அவள் சூஸின் முன்னால் உட்கார்ந்தாள், கஃப்ஸாவின் முன்னால் உட்கார்ந்த அதே கவனத்தோடு. ரொட்டி அங்கேயே, ஆலிவு அங்கேயே. விதி பதினான்கைத் திருத்தி எழுதினாள். 'சுவர்த்திரையில்' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'எங்கே தெரிந்தாலும்' என்று போட்டாள். பெயர் கூப்பிடும் பட்டியலை ஒரு தாளில் அச்சடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். இனித் திரையைப் பார்த்துப் பெயர் சொல்வது கிடையாது. தாளைப் பார்த்துப் பெயர் சொல்லவேண்டும், திரை பதில் சொல்லவேண்டும்.

சூஸ் மஞ்சளாகி ஒன்பதாம் நாள், ஒரு சரக்கு வண்டி வாரியத்தின் பின்வாசலில் வந்து நின்றது. மரப்பெட்டிகள் இரண்டு: சூஸுக்கு ஒன்று, கஃப்ஸாவுக்கு ஒன்று. பதினேழு கடிதத்துக்கும் நான்கு ஆண்டுகளுக்கும் அசையாத கொள்முதல் பிரிவு, ஒரு கடற்கரை ஊர் ஒன்பது நாள் மஞ்சளாக இருந்ததும் எழுந்து ஓடியிருந்தது. வஜ்தி பெட்டியைப் பிரித்துக்கொண்டே, "ஒன்பது நாள் லல்லா! ஒன்பதே நாள்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனுக்குச் சந்தோஷப்படுவதா கொதிப்பதா என்று தெரியவில்லை.

"ரெண்டையும் பண்ணு," என்றாள் தவ்ஹிதா. "முதல்ல திருகை முடுக்கு."

மறுநாள் காலை ஏழு மணிக்கு வஜ்தி தாளைக் கையில் எடுத்தான். வாசலில் ஃபௌசி நின்றிருந்தான்.  முதல் ஐந்து பெயர்களுக்கும் பச்சை என்று பதில் வந்தது. ஆறாவதுக்கு வந்ததும் வஜ்தி பழக்கத்தில் மீனைத் தொடக் கையை நீட்டி, பாதியில் நிறுத்தி, கையை மடியில் போட்டுக்கொண்டான். பிறகு தன் ஊர்ப் பெயரைச் சொல்வது போலக் கூடுதல் சத்தமாகவே சொன்னான்.

"கஃப்ஸா."

தவ்ஹிதா சுவரைப் பார்த்தாள். பதில் சொல்வதற்கு முன்னால் வாய்விட்டுச் சிரித்தாள். பின்வரிசைப் பற்கள்வரை தெரிந்தன, ரெதயேஃப் தண்ணீர் கொடுத்த மஞ்சளோடு.

"பச்சை."